மிஹோவுக்குத் தெரியாத கதை

எங்கள் கடையில் மிஹோ அளவுக்கு எதுவுமே தெரியாதவள் யாரும் இல்லை. கோல்ஃப் பந்தில் குழி குழியாக இருப்பது அவளுக்குத் தெரியாது. குளிர் வந்தால் நண்டு வரும் என்பது தெரியாது. மூக்குக்கண்ணாடி ஃப்ரேமை டைட்டானியத்தில் செய்யலாம் என்பது தெரியாது. இத்தனைக்கும் எங்கள் ஊர் சபாயேயில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃப்ரேம் பட்டறைக்குள்தான் விழ வேண்டும். யார் எதைச் சொன்னாலும் மிஹோ கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைப்பாள், கண்ணை அகலமாக்குவாள். "நெசமாவா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்பாள். சொன்ன மனிதர் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவார்.

நான் இந்த 'ஷிகுரே' மதுக்கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஐஸ் செதுக்குகிறவன். எல்லோரும் என்னை சீஃப் என்பார்கள். எனக்குக் கீழே வேலை செய்கிறவர் ஒருவரும் கிடையாது, இருந்தாலும் பெயர் சீஃப்தான்.

கடை யசுயே அம்மாவுடையது. கடை நடத்துகிறவளை இங்கே அம்மா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு அம்மா ஐந்து சொற்களைக் கற்றுக்கொடுப்பாள்: நீங்கன்னா சும்மாவா, தெரியவே தெரியாதே, பிரமாதம், உங்க ரசனையே தனி, அப்படியா. எங்கள் மொழியில் இவை ச, சி, சு, செ, சொ என்று அரிச்சுவடி வரிசையில் தொடங்கும், அதனால் எந்த மண்டுவுக்கும் மறக்காது. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, விஸ்கியில் தண்ணீர் கலந்து கொடுத்து, இந்த ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் சாயங்காலம் ஓடிவிடும். மேலே கை போடுகிற ஆளை அம்மாவே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவாள். மற்றப் பெண்களுக்கு ஐந்தும் தேவைப்பட்டன. மிஹோ இரண்டாவது சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்கே மூத்தவளாகிவிட்டாள்.

அவள் கடற்கரைப் பக்கத்துக்காரி. முதலில் ஒரு பட்டறையில் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தாள். பட்டறையை மூடினார்கள். புருஷனும் கிளம்பிப் போனான். "ரெண்டும் ஒரே வாரத்துல சீஃப். தனித்தனியா அழ நேரமில்ல, சேத்து அழுது முடிச்சிட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு இங்கே வந்தாள். இருபது வருஷம் ஆகிறது.

வியாழக்கிழமை என்றால் குபொதெரா முதலாளி வருவார். சொந்தமாக ஃப்ரேம் பட்டறை வைத்திருக்கிறவர், எழுபதைத் தாண்டியவர், எங்கள் கடையின் பாதி வருமானம் அவர். போன இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் ஒரு வெளிநாட்டுக்காரனைக் கூட்டி வந்தார். பெயர் ஊர்மாஸ். எஸ்டோனியாவிலிருந்து, பட்டறைக்குப் புது மெஷின் பூட்ட அரை வருஷத்துக்கு வந்திருந்தான். வாசலில் தலை இடிக்கிற உயரம். முகத்தில் சிரிப்பு என்ற சமாசாரமே கிடையாது. எங்கள் மொழியை அவன் ஊரிலேயே, குளிர்காலங்களில், புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகப் படித்தானாம். அது எந்தக் காலத்துப் புத்தகமோ, கோவில் கல்வெட்டு எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

மிஹோ அவனுக்குச் சூடான ஈரத் துண்டை நீட்டினாள். அவன் அதைச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தான்.

"இவ்வெந்துணி எந்த உறுப்பிற்குரியது?"

"கை தொடைக்கறதுக்குங்க" என்றாள் மிஹோ. அதற்குள் அவன் முகம், கழுத்து, இரண்டு காதின் பின்புறம் எல்லாம் துடைத்து முடித்திருந்தான்.

"மிக்க நன்றி. நீராடியதாகவே உணர்கிறேன்."

மிஹோ சிரித்தாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நான் நகைச்சுவை எதுவும் கூறவில்லை. தாங்கள் நகைத்தது எதனால்?"

"சும்மா... நீங்க பேசறது அழகா இருந்திச்சு."

"எங்கள் நாட்டில் காரணமின்றி நகைப்போரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வர்" என்றான். திட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னான்.

பிறகு அம்மா வந்து குனிந்து வணங்கினாள். எல்லோரும் அவளை அம்மா அம்மா என்பதைக் கேட்டவன், எழுந்து நின்று, "அன்னையே, தங்களுக்கு இத்தனை புதல்வியரா?" என்றான்.

"பெத்தது ஒண்ணுகூட இல்லப்பா. எல்லாம் வளந்தப்புறம் வந்து சேந்ததுங்க."

அடுத்து என் பின்னாலிருந்த அலமாரி அவன் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு பெயர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவர்கள் அனைவரும் இறந்தோரா?" என்று என்னைக் கேட்டான். வாங்கின பாட்டிலை இங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த முறை வந்து மிச்சத்தைக் குடிப்பார்கள் என்று விளக்கினேன். அதில் இரண்டு பேர் மட்டும் நிஜமாகவே செத்துப்போனவர்கள், பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, அதனால் எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவன் அந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்துத் தலை குனிந்தான். இவன் விவரம் தெரிந்து செய்கிறானா, விவரமே இல்லாமல் செய்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மிஹோ அவனுக்கு விஸ்கி கலந்தாள். கோப்பைமேல் பூத்த தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து அவன் முன்னால் வைத்தாள். உடனே அவன் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினான். அவளுக்கு ஒன்று கலந்தான். தன் கைக்குட்டையை எடுத்து அவள் கோப்பையைத் துடைத்தான். "எனக்கும் கைகள் உள்ளன" என்றான். மிஹோவின் இரண்டு கையும் மேஜைக்கு மேலே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. இருபது வருஷத்தில் அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குபொதெராவுக்கு ஒரே கொண்டாட்டம். "எப்படி இருக்கு எங்க ஊர்க் கடை? மனசுல பட்டத அப்படியே சொல்லு, ஊர்மாஸ்-சான்." மரியாதைக்குப் பெயரோடு சான் சேர்ப்பது எங்கள் வழக்கம்.

அவன் யோசித்தான். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆசாமி. "விந்தையான இல்லம். அன்னை ஈன்றவர் அல்லர். மது உரியவருக்காகக் காத்திருக்கிறது. அனைவரும் நகைக்கின்றனர், அனைவரும் வியக்கின்றனர். ஆயினும் இங்கு விற்கப்படும் பொருள் யாதென எனக்கு விளங்கவில்லை."

"அது வெளங்கிடுச்சுன்னா ஒருத்தனும் வர மாட்டான்" என்றாள் அம்மா.

குபொதெரா மேஜையைத் தட்டிச் சிரித்தார். குஷி வந்துவிட்டால் அவர் கரடிக் கதைக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போனார்.

"இத உங்கிட்ட சொன்னதில்லன்னு நெனைக்கறேன், மிஹோ. வயசுல ஒரு தடவ மலைக்கீரை பறிக்கப் போனேன். தலைய நிமித்தறேன், எதிர்ல கறுப்பா, பெருசா, ஒரு கரடி! கரடியப் பாத்தா ஓடக் கூடாதும்பாங்க. நான் ஓடல. கண்ணாடியக் கழட்டிச் சட்டைப் பையில வெச்சிட்டேன்." இந்த இடத்தில் அவர் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். "கண்ணாடி இல்லேன்னா எனக்கு எங்க வீட்டுக்காரியே தெரிய மாட்டா, கரடி எங்க தெரியப் போவுது? பயம் போயே போச்சு. குனிஞ்சு ஒரு வணக்கம், பின்னால ஒரு அடி. இன்னொரு வணக்கம், இன்னொரு அடி. ரோடு வர்ற வரைக்கும் இப்படியே! மறுநாள் காலைல பக்கத்து வீட்டுக்காரன் வந்து வாசல்ல நிக்கறான். 'ஏய் குபொதெரா, நேத்து மலையில என்னைப் பாத்து எதுக்குய்யா அத்தன தடவ வணக்கம் போட்டே? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?' பாத்தா, கறுப்பு மழைக்கோட்டு!"

மிஹோ கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயோ, அப்ப அது கரடி இல்லையா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

ஊர்மாஸ் சற்று நேரம் கழித்து ஒரே ஒரு முறை "ஹா" என்றான். அவன் கணக்கில் அது பெரிய சிரிப்பு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில் மிஹோ ஒரு காரியத்தில் இருந்தாள். அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. வசந்தத்தோடு கடையை விட்டுவிட்டு, மாடிப்படி இல்லாத வீட்டில் இருக்கிற அக்கா மகளோடு போய் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். கடை மிஹோவுக்கு என்று பேசியாயிற்று. கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் மட்டும், சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நின்றால்தான் சாவி என்றார். "நான் நிக்கறேன்" என்று குபொதெரா உட்கார்ந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார். மிஹோவுக்கு ஐம்பது நெருங்குகிறது. இந்த வயதில் வேறு எந்தக் கடையும் அவளை நாற்காலியில் உட்கார வைக்காது, சமையற்கட்டுக்குத்தான் அனுப்பும். ஒரு மத்தியானம் திரைத்துணி மாதிரிகளை வைத்துக்கொண்டு வந்து நின்றவள், "சீஃப், எனக்கு இந்தக் கடை வேணும். ஆசைன்னு சொல்லல. வேணும்" என்றாள். துணியில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். நீலத்தைக் காட்டினேன். பச்சையை எடுத்துக்கொண்டாள்.

ஊர்மாஸ் வியாழன் தவறாமல் வந்தான். மூன்றாவது வியாழக்கிழமை குபொதெரா கரடியில் தொடங்கி மழைக்கோட்டில் முடித்தார். மிஹோ கோப்பையை வைத்தாள், கண்ணை விரித்தாள், தெரியவே தெரியாதே என்றாள். ஊர்மாஸ் எழுந்து நின்றான். கடையில் அன்று நல்ல கூட்டம்.

"மிஹோ அம்மையாரே, பொறுத்தருள்க. இக்கதையை இவர் சென்ற வியாழனன்றும் கூறினார், அதற்கு முந்தைய வியாழனன்றும் கூறினார். தாங்கள் இதே இருக்கையில் அமர்ந்திருந்தீர்கள். இருமுறையும் தெரியாதென்றீர்கள். இன்றும் தெரியாதென்கிறீர்கள். என் அன்னைக்கும் இவ்வாறே தொடங்கிற்று. முதலில் பூனையின் பெயர். பின்னர் பூனை."

எங்கள் கடையில் ஆட்கள் அழுதிருக்கிறார்கள், வாந்தி எடுத்திருக்கிறார்கள், ஒருவர் கல்யாணத்தையே முறித்துக்கொண்டு போயிருக்கிறார். இந்த மாதிரி அமைதி வந்ததில்லை. இவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமாகவே அவளுக்காகப் பயந்திருந்தான்.

மிஹோ என்ன சொல்ல முடியும்? ஏற்கெனவே கேட்ட கதைதான் என்றால், குபொதெரா முதலாளியை இருபது வருஷமாக ஏமாற்றினோம் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டதாக ஆகும். அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க ஊர்மாஸ்-சான். இப்பல்லாம் எனக்கு ரொம்ப மறந்துடுது."

"அடப் பாவமே" என்றார் குபொதெரா.

அடுத்த வியாழக்கிழமை ஊர்மாஸ் ஒரு பொட்டலம் அக்ரூட் பருப்பு கொண்டுவந்தான். மூளைக்கு நல்லதாம். மிஹோ முன்னால் தட்டில் கொட்டி, அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். வாராவாரம் இது நடந்தது. மிஹோவுக்கு அக்ரூட் என்றாலே ஆகாது. ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லை.

ஊர் சின்னது. ஷிகுரே மிஹோவுக்கு மறதி வந்துவிட்டது என்ற செய்தி ஒரே வாரத்தில் எல்லாப் பட்டறைக்கும் போய்விட்டது. கூட்டம் குறையும் என்று அம்மா பயந்தாள். கூடிற்று. சொன்னது மறந்துபோகும் என்றால் மனிதனுக்கு எங்கிருந்துதான் அத்தனை ரகசியம் வருகிறதோ. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒருவர் தன் தலைமுடி ஒட்டுமுடி என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அது ஊருக்கே தெரியும். பெட்டி விற்கிற ஒருவர் தன் மனைவிமேல் தனக்குப் பிரியம் இருப்பதாகச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றார். மிஹோ எல்லாவற்றுக்கும் தெரியவே தெரியாதே என்றாள். வேலை முன்பைவிடச் சுலபமாகிவிட்டது.

செய்தி கட்டடக்காரர் காதிலும் விழுந்தது. அவர் குபொதெராவின் மகன் மசனாரிக்கு போன் போட்டார். பட்டறையின் கணக்கு வழக்கெல்லாம் இப்போது மசனாரி கையில்தான். நல்ல பையன், எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவன். மறதிக்காரிக்குக் கம்பெனி ஜாமீன் நிற்பதா என்று அவனும் யோசித்தான்.

"போய் உண்மையச் சொல்லித் தொலையேன்டி!" என்று அம்மா கத்தினாள். "அத்தனையும் நடிப்பு, நூறு தடவ கேட்ட கதைன்னு சொல்லு. வாயத் தொறந்தா கடை உனக்கு."

"பாக்கலாம்மா" என்றாள் மிஹோ.

அவள் ஏன் இழுத்தடிக்கிறாள் என்பது எனக்கு ஜனவரியில்தான் விளங்கிற்று. வெளியே நல்ல பனி. குபொதெரா கரடிக் கதையைச் சொல்லி முடித்தார், எல்லோரும் சிரித்தோம், அவர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்ததும் மிஹோ வழக்கம்போலச் சூடான துண்டு கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். "இத உங்கிட்ட சொன்னதில்லன்னு நெனைக்கறேன், மிஹோ. வயசுல ஒரு தடவ மலைக்கீரை பறிக்கப் போனேன்..."

மிஹோ கோப்பையைக் கீழே வைத்தாள். கண்ணை விரித்தாள். ஒரு சுருக்கம்கூட வித்தியாசமில்லை.

ஊர்மாஸ் அப்போதுதான் அக்ரூட் தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான். கை பாதி வழியில் நின்றுவிட்டது. குபொதெராவைப் பார்த்தான், மிஹோவைப் பார்த்தான். கதை முடிந்ததும் எழுந்து கவுன்ட்டருக்கு வந்தான். என்னிடம் மிகவும் மெதுவாகச் சொன்னான்:

"சீஃப் அவர்களே, அக்ரூட்டை நான் தவறான நபருக்கு அளித்துவந்துள்ளேன்."

எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

மறுநாள் மத்தியானம் மிஹோ துண்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"போன கோடையிலேர்ந்து."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"முன்னெல்லாம் கதை சொல்றப்ப ஓரக்கண்ணால என்னைப் பாப்பார் சீஃப். 'எங்க, இன்னிக்கு எப்படி நடிக்கறே பாக்கலாம்'ங்கற மாதிரி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுதான் எங்க வெளையாட்டு. போன கோடையிலேர்ந்து பாக்கறதே இல்ல. கதைய மட்டும் சொல்றார்."

"அப்ப மசனாரிகிட்ட..."

"சொன்னா என் தலை தப்பிச்சிடும். 'தெரியும், இத்தனை தடவ கேட்டாச்சு'ன்னு நான் சொல்ற நிமிஷமே எல்லாரும் அவரத்தான் திரும்பிப் பாப்பாங்க."

"கடை போயிடுமே, மிஹோ."

"போகும்" என்றாள். அழுதாள். துண்டைச் சுருட்டுவதை நிறுத்தாமலே அழுதாள், சுருட்டினதெல்லாம் ஒரே அளவாகவும் இருந்தது. நான் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினேன்.

பிப்ரவரியில் மசனாரி நேரிலேயே வந்தான். கடை திறக்கிற நேரம், மற்ற வாடிக்கையாளர் யாரும் இல்லை. கூட அப்பா, ஊர்மாஸ். மசனாரி துண்டால் கையை ஒழுங்காகத் துடைத்து, மடித்து வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஹோ-சான். அப்பா வாக்குக் குடுத்தது சரிதான். ஆனா ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நானே ஒரு தடவ உங்களப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு..."

"வந்ததும் வராததுமா என்னடா ஆபீஸ் பேச்சு?" என்றார் குபொதெரா. "மிஹோ, உனக்கு ஒரு கதை சொல்றேன். இத உங்கிட்ட சொன்னதில்லன்னு நெனைக்கறேன். வயசுல ஒரு தடவ..."

"ஒரு நிமிஷம்ப்பா." மசனாரி குறுக்கிட்டான். குரலில் மரியாதை இருந்தது. "மிஹோ-சான், இந்தக் கதைய இதுக்கு முன்னால கேட்டிருக்கீங்களா?"

இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் கிடையாது. அம்மா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊர்மாஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லடி, சொல்லடி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

மிஹோ கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்லீங்க சின்ன முதலாளி. தெரியவே தெரியாது."

கோப்பையோடு கடையையும் சேர்த்துத்தான் கீழே வைத்தாள். மசனாரி வருத்தத்தோடு தலையாட்டினான். அவனும் சின்ன வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன், வியாழன்தோறும் அது எங்கே சொல்லப்படுகிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

குபொதெரா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மலைக்கீரை வந்தது, கரடி வந்தது. "ஓடக் கூடாதும்பாங்க. நான் ஓடல. கண்ணாடியக் கழட்டிச் சட்டைப் பையில வெச்சிட்டேன்." கழற்றினார், வைத்தார். "கண்ணாடி இல்லேன்னா எனக்கு... எனக்கு..."

நின்றுவிட்டார்.

"அப்புறம்..." என்றார். மேஜையைத் தடவினார். "கரடி... அந்தக் கரடி..."

அடுத்த வார்த்தை கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ஊர்மாஸ் உள்பட. மிஹோதான் வாயைத் திறந்தாள்.

"அடடா, மன்னிச்சுக்குங்க முதலாளி! நான்தான் நடுவுல தொணதொணன்னு பேசிக் கெடுத்துட்டேன். எங்க விட்டீங்கன்னு எனக்கும் மறந்துபோச்சு. இன்னொரு நாள் முதல்லேர்ந்து சொல்லுங்க."

குபொதெரா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மிஹோவை நன்றாகப் பார்த்தார். பழைய பார்வை அது, ஓரக்கண் பார்வை.

"நீ வாயே தொறக்கலையே" என்றார்.

மிஹோ அவர் கோப்பையின் ஈரத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள்.

"மசனாரி, மறதி இவளுக்கு இல்லடா. எனக்கு." சாதாரணமாகத்தான் சொன்னார், பட்டறையில் ஒரு சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "இருபது வருஷமா இவ தெரியாத மாதிரி இருந்தா, நானும் புதுசா சொல்ற மாதிரி சொன்னேன். ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் பண்ணினோம். கேக்கறதுக்கு ஆள் இருக்கறப்ப எதுக்கு நிறுத்தணும்? இப்ப கொஞ்ச நாளா, நான் தெரிஞ்சு சொல்றேனா தெரியாம சொல்றேனான்னு எனக்கே வெளங்கல. அதனால என் கையெழுத்து முத்திரை இனிமே எதுக்கும் வேண்டாம். ஜாமீனுக்கு நீ முத்திரை குத்து. இவ ஞாபகத்துக்கு நான் பொறுப்பு."

மசனாரி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிப்பா. நான் குத்தறேன்" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தான். "கட்டடக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். மிஹோ-சான், மிஹோங்கறது கடையில வெச்சுக்கிட்ட பேருதானே? வீட்டுப் பேரச் சொல்லுங்க, முழுசா."

"ஓஜிமா சுமியே" என்றாள்.

"யாருடா அது?" என்றார் குபொதெரா.

மசனாரியின் கை போனோடு கீழே இறங்கிற்று. ஊர்மாஸ் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஹோ மட்டும் பதறவில்லை. "நான்தான் முதலாளி. பயப்படாதீங்க சின்ன முதலாளி, இது மறதி இல்ல. இத அவர் எங்கிட்ட கேட்டதே இல்ல."

குபொதெரா "சுமியே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமும் நான் ஒருத்தன்தான் பேசியிருக்கேன்" என்றார். பிறகு தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உன் ஊரு எது? அப்பா அம்மா யாரு? சொல்லு. ஆனா நாளைக்கே மறந்தாலும் மறந்துடுவேன். பரவால்லையா?"

"பரவால்லீங்க" என்றாள் சுமியே. "மறுபடியும் சொல்றேன்."